குருமானில் அச்சான புத்தகம்

தென்னாப்பிரிக்காவின் வட கேப் மாகாணத்தில், கலகாரி வறள்நிலத்தின் விளிம்பில் குருமான் என்ற ஊர் இருக்கிறது. சுற்றிலும் முள்மரமும் செம்மண்ணும்தான். ஆனால் ஊருக்குள் பாறைக்கு அடியிலிருந்து ஓர் ஊற்று பொங்கி வருகிறது. நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி லிட்டர் தண்ணீர் அதிலிருந்து வருவதாகக் கணக்கு. அந்த ஊற்றுக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, பழைய மிஷன் வளாகத்தில் கல் கட்டடங்களுக்கு நடுவே இரும்பாலான ஒரு கை அச்சு இயந்திரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இந்த வளாகத்தில்தான் 1857இல் செட்சுவானா மொழியின் முழு வேதாகமமும் அச்சாகி முடிந்தது. மடகாஸ்கர் தீவில் 1835இலேயே மலகாசி மொழி வேதாகமம் அச்சேறிவிட்டது. அதை விட்டுவிட்டுப் பார்த்தால், ஆப்பிரிக்கப் பெருநிலத்திலேயே அச்சடிக்கப்பட்ட முதல் ஆப்பிரிக்க மொழி வேதாகமம் என்று குருமான் புத்தகத்தைத்தான் சொல்கிறார்கள்.

ராபர்ட் மொஃபட்டின் வேதாகமம் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. மொழிபெயர்த்தவர் அவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தப் பெயருக்குள் அடங்காதவர்கள் பலர் அந்தப் புத்தகத்துக்குள் இருக்கிறார்கள். தண்ணீருக்காக அவரோடு சண்டை போட்ட பெண்கள், அவருடைய பேச்சைக் கேட்டுச் சிரித்துத் திருத்தியவர்கள், இரவில் படிக்க மெழுகுவர்த்தி வார்த்தவர்கள், அச்சுக் கோத்தவர்கள், அரை நூற்றாண்டு குடும்பத்தைத் தாங்கிய மனைவி என எல்லாருமாகச் சேர்ந்துதான் அதைப் பெற்றெடுத்தார்கள்.

மொஃபட் படித்த பண்டிதர் அல்ல. 1795இல் ஸ்காட்லாந்தின் ஆர்மிஸ்டன் கிராமத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தோட்ட வேலைக்குப் போனார். இங்கிலாந்தில் ஒரு பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, வாரிங்டன் ஊர்ப் பாலத்தில் ஒட்டியிருந்த மிஷனெரி கூட்ட அறிவிப்பைப் படித்துத்தான் அவர் மனம் மிஷன் ஊழியத்தின் பக்கம் திரும்பியது. லண்டன் மிஷனெரி சங்கம் முதலில் அவரைத் தயக்கத்தோடுதான் பார்த்தது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தச் சங்கத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மயிலாடியில் ரிங்கல்தௌபேயும் நாகர்கோவிலில் சார்லஸ் மீட் ஐயரும் ஊழியம் செய்தது இதே சங்கத்தின் பேரில்தான். மீட் கப்பலேறிய அதே ஆண்டுகளில், 1816 அக்டோபரில், 20 வயது மொஃபட்டும் கேப் டவுனுக்குக் கப்பலேறினார்.

அவர் முதலில் போனது நமாக்வா நாட்டுக்கு. அங்கே ஆஃப்ரிக்கானர் என்ற தலைவர் இருந்தார். கேப் அரசு அவருடைய தலைக்கு விலை வைத்திருந்தது. அந்த மனிதரையே 1819இல் கேப் டவுனுக்கு அழைத்து வந்து ஆளுநர் முன்னால் நிறுத்தினார் மொஃபட். வழியில் பார்த்த பண்ணைக்காரர்கள் தங்கள் கண்ணையே நம்பவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மேரி ஸ்மித் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கினார். மொஃபட் முன்பு வேலை செய்த நாற்றுப் பண்ணையின் முதலாளியுடைய மகள். பெற்றோர் சம்மதத்துக்காகவே பல காலம் காத்திருந்த பெண். டிசம்பர் 27ஆம் தேதி கேப் டவுனில் திருமணம் நடந்தது. அடுத்து மாட்டு வண்டியில் வடக்கே, வாரக்கணக்கான பயணம்.

குருமான் ஆற்றங்கரையில் இருந்தவர்கள் பட்லாப்பிங் மக்கள். செட்சுவானா பேசுகிற பல இனங்களில் ஒன்று. தலைவர் பெயர் மொத்திபி. மிஷனெரிகள் கோதுமையும் காய்கறியும் பயிரிட வேண்டி, ஆற்றிலிருந்து மைல் கணக்கில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். வாய்க்காலின் மேல்பகுதியில் நிலம் வைத்திருந்த பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. வெயில் காலத்தில் மடையை உடைத்துத் தங்கள் சோளக் காட்டுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவார்கள். கடைமடையில் மிஷனெரிகளின் பயிர் காயும். மொஃபட்டும் சக ஊழியர் ஹாமில்டனும் உச்சி வெயிலில் மண்வெட்டியோடு ஓடுவார்கள். அடைத்துவிட்டுத் திரும்பியதும் மறுபடி உடைபடும். மொஃபட் தம் ஊழிய அனுபவங்களைச் சொல்லும் புத்தகத்தில் இதை மக்களின் பொல்லாத்தனமாகவே எழுதியிருக்கிறார். நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. காட்டில் விதைப்பதும் களையெடுப்பதும் அறுப்பதும் அந்தப் பெண்கள்தான். ஆறு அவர்களுடையது. யாரோ வந்து அதை ஒரு பக்கமாகத் திருப்பினால் கோபம் வராமல் இருக்குமா? ஆனால் அந்தச் சண்டைக்கு ஒரு பலன் இருந்தது. பிற்பாடு அதே மக்கள் தங்கள் நிலத்துக்கும் வாய்க்கால் வெட்டிக்கொண்டார்கள். 1824இல் மிஷன் ஊற்றுக்கு அருகே புதிய இடத்துக்குக் குடிபெயர்ந்தபோது தோட்டக்காரர் மொஃபட்டின் கைத்தொழில் உண்மையிலேயே பயன்பட்டது. தண்ணீர் இருந்ததால்தான் அங்கே ஆட்கள் தங்க முடிந்தது. ஆட்கள் தங்கியதால்தான் பள்ளிக்கூடம் நடந்தது, பிறகு அச்சகமும்.

அதற்கு முன் பஞ்ச காலம் ஒன்று வந்தது. மழை பொய்த்தது. மழை வரவழைக்கிறவரைத் தொலைவிலிருந்து அழைத்து வந்தார்கள். அவராலும் முடியவில்லை. பழி மிஷனெரிகள் மேல் விழுந்தது. ஒரு தலைவர் ஈட்டியோடு வாசலில் வந்து நின்று ஊரைவிட்டுப் போகச் சொன்னார். மேரி கைக்குழந்தையோடு கதவருகே நின்றிருந்தார். கொல்வதானால் கொல்லுங்கள், ஆனால் நாங்கள் போகப்போவதில்லை என்று மொஃபட் மார்பைக் காட்டி நின்றதாக அவரே எழுதியிருக்கிறார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

மேரியின் நாட்களைப் பற்றி அவருடைய கடிதங்கள் பேசுகின்றன. வீட்டுக்குள் வந்து உட்கார்கிறவர்கள் உடம்பில் செங்காவியும் கொழுப்பும் பூசியிருப்பார்கள். அவர்கள் தொட்ட இடமெல்லாம் சிவப்பாகும். சமையலறையில் நாள் முழுக்க ஆட்கள். இதற்கிடையே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார், சிலரைப் புதைத்தார், தையல் பள்ளி நடத்தினார். நாகர்கோவிலில் அதே லண்டன் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்குச் சரிகைப் பின்னல் சொல்லிக்கொடுத்ததும் ஏறக்குறைய இதே காலம்தான். அந்தச் சங்கத்தின் அறிக்கைகளில் ஆண்களின் பிரசங்கங்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைத்தது. இந்தப் பெண்களின் ஊசிக்கும் அடுப்புக்கும் அவ்வளவு கிடைக்கவில்லை.

வந்து பல ஆண்டுகள் ஆகியும் மொஃபட்டுக்கு மொழி கைவரவில்லை. டச்சு மொழியில் பேசி, இடையில் ஒருவரை வைத்துச் சொல்ல வைப்பார். தாம் சொன்னது ஒன்று, மக்களின் காதில் விழுந்தது வேறொன்று என்பது போகப்போக அவருக்கே புரிந்தது. 1827இல் குடும்பத்தைக் குருமானில் விட்டுவிட்டு, செட்சுவானா பேசுகிற பரோலோங் மக்களின் கால்நடைப் பட்டிகளுக்குப் போய், வாரக்கணக்கில் அவர்களோடு தங்கினார். அவர்கள் சாப்பிட்டதைச் சாப்பிட்டு, நெருப்பைச் சுற்றி அவர்களோடு உட்கார்ந்து, கதையும் வம்பும் கேட்டார். தப்பாகச் சொன்னால் கூட்டமே சிரிக்கும். திரும்பி வந்தபோது இடையில் ஆள் தேவைப்படவில்லை. ஒரு தோட்டக்காரரை மொழிபெயர்ப்பாளர் ஆக்கியவர்கள் அந்தப் பட்டிகளில் இருந்தவர்கள். அவர்களில் ஒருவருடைய பெயரும் வேதாகமத்தின் தலைப்புப் பக்கத்தில் ஏறவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிற விஷயம்.

ஆலயத்துக்கு மக்கள் திரண்டு வரத் தொடங்கியது 1829 வாக்கில். அந்த ஆண்டு ஜூலையில் முதல் ஆறு பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். இதில் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட முடியாது. மனம்திரும்பியவர் ஒருவர்கூட இல்லாத காலத்தில், இங்கிலாந்திலிருந்த தோழி ஒருவர் என்ன அனுப்பட்டும் என்று மேரியைக் கேட்டிருந்தார். திருவிருந்துப் பாத்திரங்கள் அனுப்புங்கள், ஒருநாள் தேவைப்படும் என்று மேரி பதில் எழுதினார். கப்பலும் மாட்டு வண்டியும் ஏறி, எங்கெங்கோ தங்கி, முதல் திருவிருந்து நடக்கவிருந்த அதே வாரத்தில் அந்தப் பெட்டி குருமானுக்கு வந்து சேர்ந்தது.

இந்தக் கதையில் எனக்கு அதைவிட நெருக்கமானது மெழுகுவர்த்தி. அதுவரை இரவு வெளிச்சம் என்றால் வீட்டு நெருப்பின் வெளிச்சம்தான். மாடு அறுத்தால் கிடைக்கிற கொழுப்பு உடம்பில் பூசுவதற்கு. மிஷன் வீட்டில் கொழுப்பை உருக்கித் திரியிட்டு வார்ப்பதைப் பார்த்தவர்கள் தாங்களும் வார்க்கத் தொடங்கினார்கள். அச்சுக் குழாய் கேட்டு வந்தார்கள். திரிக்குக் கந்தல் துணி சேர்த்தார்கள். குடிசைச் சுவர்களில் மெழுகுவர்த்திக் கட்டுகள் தொங்கத் தொடங்கின. படிக்க ஆசை வந்துவிட்டது, படிப்பதற்கு வெளிச்சமும் வந்துவிட்டது. ஆனால் கையில் புத்தகம் என்று இருந்ததோ ஒரு சிறிய எழுத்துப் பாடமும் வினாவிடையும்தான்.

மொஃபட் லூக்கா சுவிசேஷத்தை முடித்திருந்தார். 1830இல் அந்தக் கைப்பிரதியை எடுத்துக்கொண்டு கேப் டவுன் போனார். அங்கே அச்சகம் வைத்திருந்தவர்கள் யாரும் அந்த வேலையை எடுக்கவில்லை. கடைசியில் அரசாங்க அச்சகத்தில் இடம் கொடுத்தார்கள். ஆனால் அச்சுக் கோக்க ஆள் இல்லை, வேண்டுமானால் நீங்களே கோத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மொஃபட்டும் உடன் ஊழியரான எட்வர்ட்ஸும் அங்கேயே தொழில் கற்றார்கள்.

கை அச்சு வேலை பார்த்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட பாடு என்று தெரியும். ஈய எழுத்துகள் அறை அறையாகப் பிரித்த பெட்டியில் கிடக்கும். ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் உள்ள கோப்புக் கட்டையில் இடவலம் மாறித் தெரியும்படி அடுக்க வேண்டும். வரிகள் சேர்ந்து பக்கமாகும், பக்கங்களைச் சட்டத்தில் இறுக்க வேண்டும். மை தடவி, ஈரப்படுத்திய தாளை வைத்து, நெம்புகோலை இழுத்தால் ஒரு பக்கம். அச்சு முடிந்ததும் எல்லா எழுத்தையும் கழுவி மறுபடி பெட்டிக்குள் பிரித்துப் போட வேண்டும். செட்சுவானா தெரியாத ஆளால் பிழை பார்க்க முடியாது. அதனால் எல்லாம் இவர்கள் இருவர் தலையில். கேப் டவுன் வெயிலில் அந்த உழைப்பு மொஃபட்டைக் காய்ச்சலில் தள்ளியது. ஊர் திரும்பக் கப்பல் ஏறியபோது அவரைப் படுக்கையோடு தூக்கித்தான் ஏற்றினார்கள். ஆனால் அச்சடித்த லூக்காவோடு ஓர் இரும்பு அச்சு இயந்திரமும் எழுத்துகளும் தாளும் அவர்களோடு வந்தன.

1831இல் அந்த இயந்திரம் குருமானுக்கு வந்து சேர்ந்தது. வெள்ளைத் தாள் ஒன்று இயந்திரத்துக்குள் போய், ஒரு நொடியில் எழுத்து நிறைந்து வெளியே வருவதைப் பார்க்க ஊரே கூடியது. அதை மனிதக் காரியமாக அவர்கள் நினைக்கவில்லை என்று மொஃபட் எழுதுகிறார். முதலில் பாடங்களும் பாட்டுகளும் அச்சாகின. படித்து முடித்தவர்கள் இன்னும் கேட்டார்கள். பெரிய கல் ஆலயமும் அதே ஆண்டுகளில் எழுந்தது. உத்தரங்களுக்கான மரத்தை இருநூறு மைலுக்கு மேல் மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். 1838இல் திறந்த அந்த ஆலயம் இன்றும் மண் தரையோடு நிற்கிறது.

புதிய ஏற்பாடு முடிந்தபோது அதைக் குருமானில் அச்சிட இயலவில்லை. கேப் டவுனிலும் முடியவில்லை. குடும்பத்தோடு லண்டன் போக வேண்டியதாயிற்று. பிள்ளைகளுக்கு மணல்வாரி அம்மை கண்டிருந்த நேரம். கரையை விட்டுக் கப்பல் கிளம்புவதற்குள்ளேயே மேரிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. சில நாட்களில் அவர்களுடைய சிறு மகன் ஜேமி அம்மாவின் அருகிலேயே கடலில் இறந்தான். 1840இல் லண்டனில் புதிய ஏற்பாடு அச்சானது. அந்தப் புத்தகத்தின் கணக்கில் அந்தப் பிள்ளையையும் சேர்க்க வேண்டும்.

லண்டனில் மொஃபட்டைச் சந்தித்த இளம் மருத்துவர் டேவிட் லிவிங்ஸ்டன். சீனாவுக்குப் போக இருந்தவர். அபினிப் போரால் வழி அடைபட்டதால் ஆப்பிரிக்கா பக்கம் திரும்பினார். அச்சான புதிய ஏற்பாட்டின் முதல் 500 பிரதிகள் அவர் போன கப்பலில்தான் போயின. 1841 ஜூலையில் அவர் குருமானை அடைந்தார், 1845இல் மொஃபட்டின் மூத்த மகள் மேரியை மணந்தார். உலகம் லிவிங்ஸ்டனை ஆய்வுப் பயணியாக நினைவில் வைத்திருக்கிறது. இந்தப் புத்தகத்தின் கதையில் அவரைவிட முக்கியமானவர், அவரிடம் படித்த செச்செலே.

பக்வேனா மக்களின் தலைவர் செச்செலே. லிவிங்ஸ்டன் அவருடைய ஊரில் குடியேறிய முதல் நாளிலேயே எழுத்துகள் முழுவதையும் கற்றுக்கொண்டார். பிறகு படிப்பே வேலையாகிவிட்டது. ஏசாயா அவருக்கு மிகவும் பிடித்த பகுதி. பார்க்கப் போகிறவர்களையெல்லாம் உட்கார வைத்து வாசித்துக் காட்டுவார். 1848 அக்டோபரில் ஞானஸ்நானம் பெற்றார். அதற்காக ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை அவரவர் வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் பெண்களின் கண்ணீரை லிவிங்ஸ்டனே எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டே, அனுப்பிய ஒரு மனைவி மூலம் குழந்தை உண்டானதும் சபையிலிருந்து விலக்கப்பட்டார். லிவிங்ஸ்டன் வடக்கே போய்விட்டார். செச்செலேயோ புத்தகத்தை விடவில்லை. தாமே ஜெபம் நடத்தினார், தாமே வாசித்துப் போதித்தார். 1852இல் டச்சு வம்சாவளிக் குடியேறிகளான டிரான்ஸ்வால் போயர்கள் அவருடைய ஊரைத் தாக்கி, பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கொலோபெங்கில் லிவிங்ஸ்டனின் வீட்டைச் சூறையாடிப் புத்தகங்களைக் கிழித்து எறிந்தார்கள். செச்செலே விக்டோரியா மகாராணியிடமே முறையிடப் புறப்பட்டு, கேப் டவுன்வரை வந்து, பணம் தீர்ந்து திரும்பினார். பக்வேனா மக்கள் நடுவே கிறிஸ்தவம் வேர் பிடித்ததில், அவரை விலக்கிய மிஷனெரிகளைவிட அவருக்கே பங்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

குருமானில் பழைய ஏற்பாட்டு வேலை பத்தாண்டுக்கு மேல் நீண்டது. இந்த முறை அச்சும் அங்கேயே. வில்லியம் ஆஷ்டன் என்ற சக ஊழியர் மெய்ப்பும் அச்சும் பார்த்துக்கொண்டார். மொஃபட்டின் வாழ்க்கையில் கட்டடமும் தோட்டமும் பிரசங்கமும் வண்டி பழுதும் எதுவுமே நிற்கவில்லை. இடைப்பட்ட நேரத்தில்தான் மேசை. தலைக்குள் ஓயாத இரைச்சல் என்று கடிதங்களில் எழுதினார். தூக்கம் போயிற்று. கொஞ்ச காலம் பேனாவை வைத்துவிட்டு எங்காவது போய்வரச் சொல்லி மற்றவர்கள் வற்புறுத்த, 1854இல் பழைய நண்பரான ந்டெபெலே அரசர் ம்ஸிலிகாஸியைப் பார்க்க நெடுந்தூரம் போய் வந்தார். 1857இல் கடைசி வசனத்தை எழுதி முடித்த நேரத்தைப் பற்றிப் பிற்பாடு அவர் சொல்லியிருக்கிறார். உயிர் போய்விடும்போல இருந்தது, மண்டியிட்டு நன்றி சொன்னேன் என்பது அதன் சாரம்.

இந்தப் புத்தகத்தைக் கொண்டாடுகிறவர்கள் இன்னொன்றையும் பேசியாக வேண்டும். செட்சுவானா பேசும் மக்கள் தங்கள் முன்னோர்களை 'பதிமோ' என்பார்கள். குடும்பத்தைக் காக்கிறவர்கள், மரியாதைக்குரியவர்கள். சுவிசேஷங்களில் பேய்கள் வருகிற இடங்களில் மொஃபட் அந்தச் சொல்லையே போட்டார். ஒரு தலைமுறை எழுதப் படிக்கக் கற்றதே, தன் தாத்தா பாட்டியைப் பிசாசு என்று வாசித்துத்தான். போட்ஸ்வானாவின் வேத அறிஞர் முசா டூபே 1999இல் இதைக் கடுமையாகவே விமர்சித்து எழுதினார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து மொழியைக் கொடுத்தவர்களின் முன்னோர்களுக்கே இது நடந்தது என்பதுதான் அதிகமாக வலிக்கிறது. மொஃபட்டின் மகன் ஜான் ஸ்மித் மொஃபட், அப்பாவின் நட்பால் திறந்த அதே ந்டெபெலே அரசில், 1888இல் பிரிட்டிஷ் அதிகாரியாக ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார். அதே ஆண்டு ஆங்கிலேயச் சுரங்க முதலாளி சிசில் ரோட்ஸின் ஆட்கள் சுரங்க உரிமை வாங்கிக்கொள்ள அது வழிவிட்டது. அந்த நாடு கைவிட்டுப் போனது அப்படித்தான் தொடங்கியது.

ஆனால் எழுத்து ஒருமுறை மக்கள் கைக்கு வந்துவிட்டால், அதை என்ன செய்வது என்று மிஷனெரிகள் தீர்மானிக்க முடியாது. மொஃபட் 1870இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார், மேரி 1871இல் இறந்தார், மொஃபட் 1883இல். அதே 1883இல் குருமான் மிஷனிலிருந்து 'மஹோகோ அ பெச்வானா' என்ற செட்சுவானா பத்திரிகை தொடங்கியது. வாசகர்கள் எழுதிக் குவித்தார்கள். எழுத்துமுறை எப்படி இருக்க வேண்டும், பழைய வழக்கங்களில் எது நிற்கலாம் என்று மிஷனெரிகளோடும் ஒருவரோடொருவரும் அதில் வாதாடினார்கள். 1895இல் ரோட்ஸின் கம்பெனிக்குத் தங்கள் நாட்டைக் கொடுக்கக் கூடாது என்று காமா, பதோயென், செபெலே என்ற மூன்று தலைவர்கள் லண்டன் போனார்கள். செபெலே, கேப் டவுனோடு திரும்பிய அந்தச் செச்செலேயின் மகன். கூடவே போனவர் லண்டன் மிஷனெரி சங்கத்தின் வில்லோபி. ஊர் ஊராக ஆலயங்களில் பேசி ஆதரவு திரட்டினார்கள். அவர்கள் நாடு கம்பெனிக்குப் போகவில்லை. இன்று அது போட்ஸ்வானா.

மிஷன் பள்ளியில் படித்த சாலமன் பிளாட்ஜே 1901இல் செட்சுவானாவும் ஆங்கிலமும் கலந்த 'கோரண்டா எ பெச்வானா' பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1916இல் செட்சுவானாப் பழமொழிகளைத் தொகுத்தார். ஒவ்வொரு மிஷனும் தன் இஷ்டத்துக்கு ஓர் எழுத்துமுறை வைத்திருந்ததை எதிர்த்துக் கடைசிவரை போராடினார். ஷேக்ஸ்பியரின் 'பிழைகளின் வேடிக்கை' நாடகத்தை அவர் செட்சுவானாவில் மொழிபெயர்த்து, 1930இல் லெசோத்தோவின் மொரிஜா மிஷன் அச்சகத்தில் வெளியிட்டார். அதே ஆண்டு அவருடைய நாவல் 'ம்ஹூதி' லவ்டேல் மிஷன் அச்சகத்தில் வந்தது. 1932இல் அவர் இறந்தார். அவர் மொழிபெயர்த்து வைத்திருந்த 'ஜூலியஸ் சீசர்' 1937இல் அச்சாயிற்று.